பாம்பு இரை எடுக்கவில்லையா? இரையை மாற்றும் முன் கூண்டைப் பாருங்கள்!

மாடு தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால், 'இந்தப் பிண்ணாக்கு அதற்குப் பிடிக்கவில்லை' என்று வேறு பிண்ணாக்கு வாங்கி வருவோர் உண்டு. கொட்டகையில் புழுக்கம் இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி சுத்தமாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்போரும் உண்டு. அனுபவமுள்ள பண்ணையாளர்கள் இரண்டாவது வகை. வெளிநாடுகளில் செல்லப்பிராணியாகப் பாம்பு வளர்ப்பவர்களும் இந்தப் பாடத்தைத்தான் பல பாம்புகளைப் பட்டினி போட்டுக் கற்றுக்கொண்டார்கள்.

இதில் அதிகம் பேசப்படுவது 'பந்து மலைப்பாம்பு'. மிரண்டால் தலையை நடுவில் மறைத்துக்கொண்டு பந்து போலச் சுருண்டுவிடும். அதனால் வந்த பெயர் இது. நஞ்சு கிடையாது. வளர்ந்த பாம்பு சுமார் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் நீளம் இருக்கும். நல்ல பராமரிப்பில் 20 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதிகமாக வளர்க்கப்படும் பாம்புகளில் இதுவும் ஒன்று. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இரையைத் தொடாமல் கிடப்பதுதான் இதைப் பற்றி வளர்ப்பவர்கள் சொல்லும் முதல் புகார்.

இதுவும் ஒரு வயல் பாம்புதான்

பந்து மலைப்பாம்பின் சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் போன்ற நாடுகளில் புல்வெளிகளிலும் விவசாய நிலங்களிலும் காணப்படுகிறது. பகல் முழுவதும் எலி வளைக்குள்ளோ, பழைய கரையான் புற்றுக்குள்ளோ கிடக்கும். இருட்டிய பிறகு இரை தேடி வெளியே வரும். வளர்ந்த பாம்புக்கு எலிகளே முக்கிய இரை. அந்த வகையில் நம்மூர்ச் சாரைப்பாம்பு செய்யும் வேலையை அங்கே இது செய்கிறது. பெனின் நாட்டின் உயிதா நகரில் இந்தப் பாம்புக்குக் கோயிலே இருக்கிறது.

அந்நாடுகளில் சினைப் பாம்புகளையும் முட்டைகளையும் விவசாய நிலங்களிலிருந்து சேகரித்து, பண்ணையில் குஞ்சு பொரிக்க வைத்து ஏற்றுமதி செய்கிறார்கள். வளைக்குள் இருட்டிலும் கதகதப்பிலும் ஈரத்திலும் வாழ வேண்டிய உயிர், நான்கு பக்கமும் வெளிச்சம் விழும் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து சேர்கிறது. அங்கே அது இரை எடுக்க மறுத்தால், வளைக்கும் பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் காரணத்தைத் தேட வேண்டும். சூடு, மறைவு, ஈரம், அமைதி ஆகிய நான்கையும் இந்த வரிசையிலேயே சரிபார்ப்பது நல்லது.

முதலில் சூடு

ஆடு, மாடு, கோழியின் உடலுக்குள்ளேயே சூடு உற்பத்தியாகிறது. தின்ற தீவனத்தில் ஒரு பங்கு அதற்கே செலவாகிறது. பாம்பின் உடல் அப்படிப்பட்டதல்ல. சுற்றுப்புறத்திலிருந்துதான் அது சூட்டை வாங்கிக்கொள்கிறது. செலவு குறைவு என்பதால்தான் வாரக்கணக்கில் உண்ணாமல் தாங்குகிறது. ஆனால் இரையைச் செரிப்பதற்கும் வெளிச்சூடு வேண்டும். சூடு குறைந்தால் செரிமானம் மந்தமாகும். விழுங்கிய எலி வயிற்றிலேயே அழுகத் தொடங்கினால் பாம்பு அதைக் கக்கிவிடும். குளிரில் கிடக்கும் பாம்பு இரையைத் தொடாமல் இருப்பது அதன் உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி.

பந்து மலைப்பாம்பின் கூண்டில் ஒரு ஓரம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்க வேண்டும். எதிர் ஓரம் 25 முதல் 27 டிகிரி போதும். இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. இரண்டு ஓரமும் ஒரே சூட்டில் இருந்தால் பாம்பு தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்க வழியில்லை.

கோழிக்குஞ்சு வளர்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. முதல் வாரத்தில் புரூடரில் சுமார் 35 டிகிரி சூடு வைக்கிறோம். குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் குளிர் என்றும், ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம் என்றும் தெரிந்துகொள்கிறோம். பாம்பும் அப்படித்தான் பேசும். எந்நேரமும் சூடான ஓரத்திலேயே ஒட்டிக் கிடந்தால் கூண்டு குளிர்ந்திருக்கிறது. தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே கிடந்தால் சூடு மிகுந்திருக்கலாம், அல்லது உண்ணித் தொல்லை இருக்கலாம்.

பலர் தவறுவது அளக்கும் இடத்தில். கண்ணாடியில் ஒட்டிவைத்த முள் வெப்பமானி 32 காட்டும். பாம்பு படுத்திருக்கும் தரையில் 26 தான் இருக்கும். புரூடரில் குஞ்சின் முதுகு உயரத்தில் அளப்பது போல, இங்கே பாம்பு படுக்கும் இடத்தில் அளக்க வேண்டும். டிஜிட்டல் வெப்பமானியின் உணர்முனையை அங்கே வைப்பது சரியான முறை. சூடேற்றும் விளக்கு, விரிப்பு எதுவானாலும் தெர்மோஸ்டாட் கட்டாயம் வேண்டும். அது இல்லாத சூட்டு விரிப்பும், 'சூடான கல்' என்று விற்கப்படுவதும் பாம்பின் வயிற்றுத் தோலைப் பொசுக்கிவிடும்.

ஒளிய இடம் இல்லாத பாம்பு உண்ணாது

இரையை விழுங்கும்போதும், விழுங்கிய பிறகும் பாம்பால் வேகமாக ஓட முடியாது. ஆகவே தான் பாதுகாப்பாக இருப்பதாகத் தோன்றாத இடத்தில் அது வாயைத் திறப்பதில்லை. திறந்த கண்ணாடிப் பெட்டியில், ஒரே ஒரு பிளாஸ்டிக் செடியுடன் கிடக்கும் பாம்பு எந்நேரமும் பருந்துக்குப் பயந்தபடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சூடான ஓரத்தில் ஒன்று, குளிர்ந்த ஓரத்தில் ஒன்று என இரண்டு மறைவிடங்கள் தேவை. ஒன்று மட்டும் இருந்தால், சூடா பாதுகாப்பா என்று பாம்பு ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டிவரும். மறைவிடம் பெரிய குகையாக இருக்கத் தேவையில்லை. சுருண்டு கிடக்கும் பாம்பின் உடல் மூன்று பக்கமும் சுவரில் படும் அளவுக்கு நெருக்கமாக இருந்தால் நல்லது. எலி வளை அப்படித்தான் இருக்கும். வாசல் ஒன்று போதும். கவிழ்த்த மண்சட்டியின் விளிம்பை உடைத்து, ஓரத்தை வழவழப்பாகத் தேய்த்து வைத்தாலும் வேலை நடக்கும்.

வளர்ந்த பாம்புக்குச் சுமார் 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம் உள்ள கூண்டு தேவைப்படும். குட்டியை அதே கூண்டில் விடுவதானால் இலைச்சருகு, மரப்பட்டை, செடி என இடைவெளியை நிரப்ப வேண்டும். கண்ணாடியின் மூன்று பக்கத்தை அட்டையால் மறைத்த மாத்திரத்தில் அடுத்த வேளை இரை எடுத்த பாம்புகள் நிறைய. காசு செலவில்லாத திருத்தம் இது.

ஈரமும் தண்ணீரும்

காற்றின் ஈரப்பதம் 55 முதல் 65 சதவீதம் வரை இருக்கலாம். சட்டை உரிக்கும் நாட்களில் 70 சதவீதம் வரை உயர்த்தலாம். குறைந்தால் சட்டை துண்டு துண்டாகக் கிழிந்து உடலில் ஒட்டிக்கொள்ளும். உடலில் நீர் வற்றிய பாம்புக்கும் பசி இருக்காது. தரையில் தேங்காய் நார்க்கழிவு பரப்பி, அடிப்பகுதி ஈரமாகவும் மேற்பகுதி உலர்ந்தும் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். நம்மூரிலிருந்து ஏற்றுமதியாகும் நார்க்கழிவு இதற்கும் பயன்படுகிறது. தரை சொதசொதவென்று இருந்தால் வயிற்றுச் செதில்களில் புண் வரும். குடிநீரைத் தினமும் மாற்ற வேண்டும்.

தொட்டுத் தொட்டுப் பார்க்காதீர்கள்

புதிதாக வாங்கி வந்த மாட்டை அன்றே ஊர் முழுக்கக் கூட்டி வந்து காட்டினால் அது அசை போடுமா? பாம்பும் அப்படித்தான். புது வீட்டுக்கு வந்ததும் குறைந்தது ஐந்து முதல் ஏழு நாட்கள் தண்ணீர் மாற்றுவதைத் தவிர வேறெதற்கும் கூண்டைத் திறக்கக் கூடாது. அதன் பிறகுதான் முதல் இரை. விழுங்கியதும் குறைந்தது 48 மணி நேரம் கையில் எடுக்கக் கூடாது. எடுத்தால் கக்கிவிடும்.

இரை எடுக்காத பாம்பை நினைத்துக் கவலைப்படுபவர் தினமும் எடுத்துப் பார்ப்பார், தினமும் எலியைக் காட்டுவார். இரண்டுமே எதிர்விளைவைத் தரும். ஒருமுறை மறுத்தால் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை இடைவெளி விட வேண்டும்.

இரையைக் கொடுக்கும் விதம்

நான்கையும் சரிசெய்த பிறகே இரையின் பக்கம் வர வேண்டும். பாம்பு உடலின் மிகத் தடித்த பகுதி எவ்வளவோ, அந்த அளவு எலி போதும். குட்டிகளுக்கு வாரம் ஒருமுறையும், வளர்ந்தவற்றுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறையும் கொடுக்கிறார்கள்.

உயிருள்ள எலியைக் கூண்டில் விட்டுவிட்டுத் தூங்கப் போவது ஆபத்து. பசியில்லாத பாம்பு சும்மா கிடக்கும். பசித்த எலி அதன் முதுகைக் கடித்துக் குதறிவிடும். அதனால் கொன்று உறைய வைத்த எலிகளே பெரும்பாலும் பயன்படுகின்றன. முந்தின நாள் இரவு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட வேண்டும். பிறகு பிளாஸ்டிக் பையில் போட்டு வெந்நீரில் வைத்துச் சூடாக்க வேண்டும்.

இந்தச் சூடு மிக முக்கியம். பந்து மலைப்பாம்பின் உதட்டோரம் சிறு குழிகள் இருக்கும். இருட்டில் வெப்பத்தை உணர்ந்து இரை இருக்கும் இடத்தை அவை காட்டிக்கொடுக்கும். உயிருள்ள எலியின் உடல் சூடான 38 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் பாம்புக்கு அது இரையாகத் தெரியும். ஆறிப்போன எலி அதற்கு ஒரு கல் போலத்தான். அந்தி சாய்ந்த பிறகு, விளக்கை அணைத்து, நீண்ட இடுக்கியால் மறைவிடத்தின் வாசலில் மெதுவாக ஆட்டிக் காட்டினால் போதும். எலியை மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கக் கூடாது. வெளியே சூடாகி உள்ளே உறைந்திருக்கும், சில சமயம் வெடித்தும் போகும்.

வயலில் பிடித்த எலியைக் கொடுக்கவே கூடாது. புழுக்களும் நோய்க்கிருமிகளும் ஒருபுறம், எலி மருந்து மறுபுறம். மருந்து தின்ற எலியை உண்ணும் ஆந்தையும் பூனையும்கூடப் பாதிக்கப்படக்கூடும். எலி மருந்து வைக்கும் விவசாயிகள், செத்த எலிகளைத் தேடி எடுத்து ஆழமாகப் புதைக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

சாப்பிடாமல் இருப்பது இயல்பான காலங்கள்

எல்லாப் பட்டினியும் நோயல்ல. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் தோலுரிப்பின்போது இலை போட மாட்டார்கள். புழு அப்போது தின்னாது என்று அவர்களுக்குத் தெரியும். பாம்பும் சட்டை உரிக்கும் முன் கண் நீலம் பூத்து, நிறம் மங்கி, இரையைத் தவிர்க்கும். உரித்து முடித்த சில நாளில் தானே தேடும். முட்டையிலிருந்து வந்த குட்டியும் முதல் சட்டையை உரிக்கும் வரை உண்ணாது. வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு அதுவரை போதும்.

இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண் பாம்பு பல வாரங்கள் இரையை மறக்கும். சினைப் பாம்பும் குறைத்துக்கொள்ளும். முட்டையிட்ட தாய், சுமார் இரண்டு மாதம் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு காக்கும். அடைக்கோழியை விடவும் கடுமையான விரதம் அது. குளிர் மாதங்களில் வளர்ந்த பாம்பு சில மாதம் உண்ணாமல் இருப்பதும் உண்டு. உடல் எடை குறையாத வரை பயப்பட ஒன்றுமில்லை.

தராசும் குறிப்பேடும்

ஆகவே கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சமையலறைத் தராசு ஒன்றும் நோட்டு ஒன்றும் போதும். இரை கொடுத்த தேதி, எடுத்ததா மறுத்ததா, சட்டை உரித்த நாள், இரு ஓரங்களின் சூடு, ஈரப்பதம், மாதம் இருமுறை எடை ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். 1,200 கிராம் இருந்த பாம்பு 1,170 ஆனால் பொறுத்திருக்கலாம். 1,080-க்கு வந்தால், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்தால், கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

திருத்தங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டும். சூடு, மறைவிடம், இரையின் வகை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. பயிருக்கு ஒரே வாரத்தில் நான்கு மருந்து தெளித்தவருக்கு, எது வேலை செய்தது என்று தெரியாமல் போவது போலத்தான்.

வாயில் குமிழ் வருவது, வாயைத் திறந்து மூச்சு விடுவது, ஈறில் தயிர் போன்ற சீழ், செதில்களுக்கிடையே கருப்புப் புள்ளிகளாக உண்ணி, முதுகெலும்பு துருத்தித் தெரிவது ஆகியவை நோயின் அறிகுறிகள். இந்நிலையில் கூண்டைத் திருத்துவது மட்டும் போதாது.

எல்லாவற்றிலும் மோசமானது வாயைப் பிளந்து இரையைத் திணிப்பது. பல் உடையும், வாய் புண்ணாகும், தொண்டை கிழியும். மிரண்ட பாம்பு அதையும் கக்கிவிட்டு இன்னும் மெலியும். கடைசிக் கட்டத்தில், மருத்துவர் கையால் மட்டுமே செய்ய வேண்டிய வேலை அது.

நம் நாட்டில் சட்டம் என்ன?

சாரை, நல்ல பாம்பு, மண்ணுளி, மலைப்பாம்பு என நம் மண்ணின் பாம்புகளை வீட்டில் பிடித்து வளர்ப்பது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பந்து மலைப்பாம்பு போன்ற வெளிநாட்டு இனங்களுக்கும் 2022-ல் வந்த திருத்தம் பொருந்தும். 2024-ல் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, சர்வதேச வணிக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்போர் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். நகரத்தில் படிக்கும், வேலை பார்க்கும் பிள்ளைகள் இப்படி ஒன்றை வாங்க ஆசைப்பட்டால், பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது ரசீதையும் உரிய ஆவணங்களையும். அடுத்துக் கேட்க வேண்டியது, 25 ஆண்டுகள் வாழக்கூடிய உயிரை யார் பார்த்துக்கொள்வது என்பது. வளர்க்க முடியவில்லை என்று ஏரிக்கரையில் கொண்டுபோய் விடுவது அந்தப் பாம்புக்கும் கேடு, நம் வயலுக்கும் கேடு.

கேள்வியும் பதிலும்

*வயலில் பிடிபட்ட சாரைப்பாம்பைச் சாக்கில் கட்டி வைத்துத் தவளை போட்டோம். தொடவே இல்லை. ஏன்?*

பயம்தான் காரணம். பிடிபட்ட காட்டுப் பாம்பு புது இடத்தில் உடனே உண்ணாது. இரை கொடுத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ உடனே சொல்ல வேண்டும். சாரை வயலிலேயே இருந்தால் எலிச் செலவு மிச்சம்.

*பாம்பு பால் குடிக்குமா?*

பாம்பின் வயிறு பாலைச் செரிக்கும்படி அமைந்ததல்ல. பல நாள் தண்ணீர் காட்டாமல் வாட வைத்தால் எதையும் உறிஞ்சும். பிறகு நோயில் விழும். புற்றுக்குப் பால் வார்ப்பது மனிதரின் வழிபாடு. பாம்புக்கு உணவு எலியும் தவளையும்தான்.

*பாம்பு இரையைக் கக்கிவிட்டால் உடனே வேறு கொடுக்கலாமா?*

கூடாது. செரிமானப் பாதை புண்ணாகியிருக்கும். பத்து முதல் பதினான்கு நாள் வரை தண்ணீர் மட்டும். அதற்குள் சூட்டை அளந்து சரிசெய்ய வேண்டும். அடுத்த இரை வழக்கத்தில் பாதி அளவு இருக்கட்டும். மறுபடியும் கக்கினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

*கோடையில் கறவை மாடு பாதித் தீவனத்தை மிச்சம் வைக்கிறது. இதற்கும் இதே வழிதானா?*

இதே வழிதான். காய்ச்சல், வயிறு உப்புசம், மடிநோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, நிழலையும் காற்றோட்டத்தையும் கூட்டுங்கள். குளிர்ந்த குடிநீர் எந்நேரமும் எட்டும்படி இருக்கட்டும். தீவனத்தின் பெரும்பகுதியை விடியற்காலையிலும் இரவிலும் கொடுங்கள். இவ்வளவும் செய்து இரண்டு மூன்று நாளில் மாற்றம் தெரியவில்லை என்றால் மட்டும் தீவனத்தைச் சந்தேகிக்கலாம். மாடு அசை போடுவதையே நிறுத்திவிட்டால் அத்தனை நாள் காத்திருக்க வேண்டாம். அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.